தமிழில் நிரப்பிய படிவம்

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து தமிழில் நிரப்பிக் கொடுக்கப்பட்ட முதல் வீட்டுப் படிவம் எங்களுடையது. நிரப்பியவள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. பெயர், வதியும் இடம், குடும்ப உறுப்பினர்கள், தற்போதைய வீட்டின் நிலை என்று பதினேழு கேள்விகள். ஓரிடத்திலும் வெட்டித் திருத்தல் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்வதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் மலை ஏறினால் எங்கள் லயம். குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், ஒரே கூரை, பின்னால் செங்குத்தான மண்மேடு. யுத்தம் முடிந்து மூன்றாவது வருடம் அந்த மேட்டில் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் அதில் கோழிக்குஞ்சின் கால் மாட்டிக்கொண்டது. ஐப்பசி மழைக்குப் பிறகு என் கை முழங்கை வரை உள்ளே போனது. அதிகாரிகள் வந்து சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடித்தார்கள். இந்த லயத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது, எதிர்ப்பக்கத்து மேட்டில் தனித்தனி வீடு கட்டிக் கொடுக்கப்படும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் அம்மா எங்கள் உடுப்பையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு உரப் பையில் கட்டி வாசலில் வைப்பார். அந்தப் பை வாசலில் இருந்து உள்ளே போவதும் வெளியே வருவதுமாகவே அந்த வருடம் கழிந்தது.

அந்த வருடம்தான் சித்தப்பா கனடாவிலிருந்து வந்தார்.

அப்பாவுக்கு அவர் ஒரே தம்பி. இருபது வயதில் கொழும்புக்குப் போய் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றவர். யுத்த காலத்தில் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டு, பதினாறு நாள் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்ததும், ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் மொன்றியல் போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு வருடம் கழித்து முதல் தடவையாகத் திரும்பி வந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பனியைப் பற்றியும் படிக்கட்டு தானாக ஓடுவதைப் பற்றியும் சொல்வார்கள். சித்தப்பா ஒரு மாகாணத்தைப் பற்றிச் சொன்னார்.

வேலை முடிந்து, கொழுந்து நிறுத்து, குளித்து, ஆட்கள் வாசலில் வந்து உட்காரும் நேரம். தோட்டத்துச் சங்கத் தலைவரும் வந்திருந்தார். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தோட்டத்தை நடத்தும் துரை உட்பட எல்லாருக்கும் அவர் தலைவர்தான்.

"கனடாவுல எல்லாரும் இங்கிலீஷ்தானே?" என்றார் தலைவர்.

"நாட்டுல அப்பிடித்தான். நான் இருக்கிற கியூபெக் மாகாணத்துல பிரெஞ்சு. ஆனா ஒரு அறுபது வருஷத்துக்கு முந்திப் போயிருந்தீங்கன்னா, அந்தப் பிரெஞ்சுக்காரன் நம்ம மாதிரிதான். தொரை இங்கிலீஷ்காரன். கணக்கப்புள்ள இங்கிலீஷ்காரன். ஸ்டோர்ல போர்டு இங்கிலீஷ். இவன் மூட்டை தூக்குவான்."

"வெள்ளைக்காரன் மூட்டை தூக்குனானா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்காரன் தொரை. அதுதானே கதையே. பள்ளிக்கூடம் சாமியாருங்க கையில. ஆஸ்பத்திரி கன்னியாஸ்திரீங்க கையில. புள்ள பொறந்தா சர்ச்சுலதான் பதியணும். எத்தனை புள்ள பெத்துக்கணும்னுகூட சாமியார்தான் சொல்லுவார்."

"இங்க அதைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில சொல்றாங்க," என்றார் அம்மா, அரிசி புடைத்தபடி. பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்கியது.

சித்தப்பா விடாமல் சொன்னார். சாமியார்களின் தயவில் ரொம்ப வருடம் ஆண்ட முதலமைச்சர் ஒருவர் செத்துப்போனதையும், அடுத்த வருடமே நடந்த தேர்தலில் வேறு கட்சி வந்ததையும். அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மந்திரியைப் போட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவை அரசாங்கம் ஏற்றது. மின்சாரக் கம்பெனிகளை மாகாணமே வாங்கியது. நம்ம வீட்டில் நாமே எசமான் என்று சொல்லி ஓட்டுக் கேட்டார்கள். கடைசியில் சட்டம் வந்தது. வேலைத்தலத்தில் பிரெஞ்சு, கடைப் பலகையில் பிரெஞ்சு, அரசாங்கக் கடதாசி எல்லாம் பிரெஞ்சு.

"அஞ்சாறு வருஷம்தான். ஒரு குண்டு வெடிக்கல, ஒரு உசிரு போகல. தெரியாத பாஷையில கையெழுத்துப் போட மாட்டோம்னு சொன்னாங்க. அவ்வளவுதான்!"

தலைவர் பீடியை அணைத்தார். "அப்ப இங்க அம்பத்தாறுல போட்ட சட்டம் மாதிரிதானே? இங்க சிங்களம் மட்டும்னாங்க. அங்க பிரெஞ்சு மட்டும்ங்கிறாங்க. அங்க போட்டா நல்லது, இங்க போட்டா கெட்டதா?"

"அது வேற, தலைவரே."

"எப்பிடி வேற?"

"பிரெஞ்சுக்காரன் நாட்டுல சிறுபான்மை."

"மாகாணத்துல?"

"மாகாணத்துல... பெரும்பான்மை."

தலைவர் எழுந்து சாரத்தை இறுக்கிக் கட்டினார். "இதுல நாம யாருன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லு தம்பி. நாளைக்கு வாறேன்."

அம்மா சுளகைக் கீழே வைத்தார். "அங்க உங்களுக்கு எந்தப் பாஷை தம்பி?"

"எனக்கா? நான் ஹோட்டல்ல கோப்பை கழுவுறேன் அண்ணி. கோப்பைக்குப் பாஷை இல்ல." அவரே சிரித்துக்கொண்டார். "சட்டப்படி புள்ளைங்க பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்தான் போகணும். ரெண்டும் பிரெஞ்சுலதான் சண்டை போடுதுங்க. யார் மேல பிழைன்னு தெரியாம ரெண்டு பேருக்கும் ஏசிருவேன்."

பின்னாளில், பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு, சித்தப்பா சொன்னதைச் சரிபார்த்தேன். பெரும்பாலும் சரிதான். செத்த முதலமைச்சர், அடுத்த வருடத் தேர்தல், மின்சாரம், பள்ளிக்கூடம் எல்லாம் நடந்தவை. ஐந்தாறு வருடம் என்பது தவறு. அந்த மொழிச் சட்டம் வருவதற்குள் பதினேழு வருடம் போயிருந்தது. குண்டு வெடிக்கவில்லை என்பதும் தவறு. தபால் பெட்டிகளில் வெடித்தது, உயிர்களும் போயின. அவர் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொந்தமாக ஒரு சட்டசபை இருந்தது. வரி வாங்கவும் செலவு செய்யவும் அதிகாரம் இருந்தது. எங்கள் பக்கத்தில் இருந்தது பெட்டி போட்ட ஒரு தாள்.

அந்தத் தாள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறையில், தலைவர் மேசை போட்டுப் படிவங்களை அடுக்கினார். சிங்களப் படிவம். விவரங்களை அலுவலகத்திலேயே நிரப்பிக்கொள்வார்கள், வீட்டுக்காரர் கையொப்பம் மட்டும் போட்டால் போதும் என்றார். ஆட்கள் வரிசையாக வந்தார்கள். தலைவர் விரல் வைத்த இடத்தில் ஒவ்வொருவரும் கையொப்பம் போட்டார்கள். தோட்டத்தில் எந்தக் கடதாசிக்கும் அதுதான் முறை. விரல் எங்கே நிற்கிறதோ அங்கே பேனா நிற்கும்.

அப்பாவின் முறை வந்தபோது சித்தப்பா தாளை எடுத்தார்.

"இதுல என்னா எழுதியிருக்கு?"

"வீட்டுக்குத்தான்."

"அது தெரியுது. என்னா எழுதியிருக்கு?"

தலைவர் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அறையில் இருந்த எவருக்கும் வராது. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சிங்களம் இரண்டாம் மொழி, அதில் நான்தான் வகுப்பில் முதல். பஸ் பலகையை வாசிப்பதுபோல எழுத்துக் கூட்டி முதல் வரியை வாசித்தேன். பாதிச் சொற்களுக்கு அர்த்தம் தெரியவில்லை. அரசாங்கத்துச் சிங்களம் வேறு சிங்களம்.

"பாத்தீங்களா? நாப்பது பேர் போட்டாச்சு. எதுல போட்டோம்னு ஒருத்தருக்கும் தெரியாது. தமிழும் அரச கரும மொழி. சட்டத்துல இருக்கு. கேட்டா குடுக்கணும்."

"சட்டத்துல எல்லாம் இருக்கு தம்பி," என்றார் தலைவர். "மாசக் கடைசிக்குள்ள போய்ச் சேரணும். உங்க அண்ணன் போட்டுட்டுப் போகட்டும். நீங்க அடுத்த மாசம் பிளேன் ஏறிருவீங்க. இவருதான் அந்த மண்ணுக்குக் கீழ படுக்கணும்."

அப்பா பேனாவைக் கையில் வைத்திருந்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி வெட்டிக் காய்த்துப்போன அந்தக் கையில் பேனா எப்போதும் கொஞ்சம் சின்னதாகவே தெரியும். அவர் தம்பியைப் பார்த்தார். அப்புறம், ஏனோ, என்னைப் பார்த்தார். பேனாவை மேசையில் வைத்தார்.

"தமிழ்லயே கேட்டுப் பாப்போமே," என்றார்.

எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு மேசையில் இருந்து கையொப்பம் போடாமல் திரும்பியது அதுதான் முதல் தடவை. வெளியே வரும்போது சித்தப்பா அண்ணனின் தோளில் கை போட்டிருந்தார். அம்மா மட்டும் வாசலிலேயே நின்று, மேசை மேல் கிடந்த படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. நானும் பள்ளிக்கூடம் போகவில்லை. சித்தப்பாவோடு மூன்று பேரும் பிரதேச செயலகத்துக்கு பஸ் ஏறினோம். நான் போக வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் அரசாங்க மேசைக்கு முன்னால் பேசுவதில்லை. தோளில் கிடக்கும் துவாயை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்பார்கள். பேசுவது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் வேலை. பிள்ளை கேட்கும், பிள்ளை பதிலைத் திருப்பிச் சொல்லும், பெரியவர் தலையாட்டுவார். ஏழு வயதிலிருந்தே அப்பாவுக்காகத் தபால் கந்தோரிலும் மருந்து எடுக்கும் இடத்திலும் நான்தான் பேசியிருக்கிறேன். அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது என்பது எனக்கு அவருடைய உயரத்தைப்போல ஒரு தகவல்.

பஸ்ஸில் சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நம்ம மலையில இருந்து தமிழ்ல போற முதல் போர்ம். நீதான் எழுதப் போற. அங்கயும் இப்பிடித்தான், எங்கயோ ஒரு ஆளு முதல்ல கேட்டிருப்பான். அவன் பேரு யாருக்கும் தெரியாது. உன் பேரு எனக்குத் தெரியும்." நான் பேனாவின் மூடியைக் கழற்றிப் பார்த்து மறுபடி மூடினேன்.

அலுவலகத்தில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மேசையில் இருந்த இலிகிதர் ஓர் இளம் சிங்களப் பெண். சித்தப்பா தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து சட்டத்தைச் சொன்னார். அவள் தடுக்காமல் முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்து போய் இரும்பு அலுமாரியைத் திறந்து, கீழ்த்தட்டில் குனிந்து, கட்டுப் பிரிக்காத ஒரு கட்டை எடுத்து வந்தாள். மேல் தாளில் தூசி கோடு போட்டிருந்தது. தமிழ்ப் படிவம். அது அங்கேயே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சித்தப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "பாத்தியா? பாத்தியா?" என்று இரண்டு தடவை சொன்னார். வாங்கில் உட்கார்ந்து நான் எழுதினேன். அப்பாவுக்கு ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துக் காட்டினேன். அவர் பதிலை மெதுவாகச் சொன்னார், மற்ற நேரங்களில் அவர் பேசாத ஒரு நிதானத்தோடு. 'தற்போதைய வீட்டின் நிலை' என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "பின்பக்கம் மண் வெடிச்சிருக்கு. செவருல ஈரம் எறங்குது. மழைக்குப் புள்ள தூங்குறதில்லன்னு எழுது," என்றார். அப்படியே எழுதினேன். படிவத்தோடு என்னை நிறுத்திச் சித்தப்பா தன் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். பிறகு, மொன்றியலில் இருந்த சித்திக்குச் செய்தி சொல்ல வராந்தாவுக்குப் போனார். அவர் குரல் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. "கொடுத்துட்டாங்கப்பா, கொடுத்துட்டாங்க!"

நான் படிவத்தை மேசையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். ஒரு எழுத்தும் அவளுக்குத் தெரியாது, ஆனாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு என் பக்கம் குனிந்து சிங்களத்தில், மகளே என்று கூப்பிட்டு, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"துவே, அப்பாகிட்டச் சொல்லு. இதை நான் எடுத்துக்குறேன். ஆனா இது மொழிபெயர்ப்புக்குப் போகணும். மொழிபெயர்க்கிறவரோட கதிரை போன வருஷத்துல இருந்து காலியா இருக்கு. மாசக் கடைசியில லிஸ்ட் மூடிருவாங்க. சிங்களத்துலயும் ஒண்ணு வச்சுட்டுப் போகச் சொல்லு. நானே நிரப்புறேன். கையெழுத்து மட்டும் போதும்."

சொல்லிக்கொண்டே ஒரு சிங்களப் படிவத்தை மேசை மேல் பாதி தூரம் தள்ளினாள்.

எல்லாம் எனக்கு விளங்கியது. விளங்காத சொல் ஒன்றுகூட இல்லை.

வராந்தாவில் சித்தப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொல்வது கேட்டது. அந்தத் தாளில் அப்பா கையொப்பம் போட்டால் சித்தப்பா உள்ளே வந்து அதைப் பார்ப்பார். முதல் படிவம் என்பது முடிந்துவிடும். என் பதினேழு பதில்களும் ஒரு சிங்களத் தாளின் கீழே வைத்த துணைக் கடதாசி ஆகிவிடும். இவ்வளவு தெளிவாக அப்போது யோசித்தேனா என்று தெரியாது. என் கண்ணில் நின்றது என் கையெழுத்து மட்டும்தான்.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்காம். எழுத்து வடிவா இருக்காம்," என்றேன்.

அப்பா மேசை மேல் பாதி வந்து நின்ற தாளைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். என் படிவத்தைப் பார்த்தார். அக்குளில் இருந்த துவாயை எடுத்துத் தோளில் போட்டார்.

"அப்ப சரி," என்றார்.

அந்தப் பெண் இன்னொரு தடவை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், சொல்லிவிட்டேன் என்பதுபோல. அவள் சிங்களப் படிவத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு என் படிவத்தில் திகதி முத்திரை குத்தினாள்.

திரும்பும் வழியில் பெரகலயில் இறங்கிச் சித்தப்பா மூன்று பேருக்கும் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தார். அம்மாவுக்கு ஒரு பார்சல். அன்று மாலை லயத்தில் அவர் கதையைச் சொன்ன விதத்தில் அலுமாரி ஒரு கோட்டைபோல இருந்தது. தலைவர்கூட, "கேட்டவுடனே எடுத்துக் குடுத்துட்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். "அடுத்த தடவை நாமளும் தமிழ்லயே கேப்போம்," என்றார். சித்தப்பா போன பிறகும் ஒரு வாரம் ஆட்கள் என்னைப் பார்த்தால் சிரித்தார்கள்.

பட்டியல் நான்கு மாதம் கழித்துப் பெரட்டுக் களத்துச் சுவரில் ஒட்டப்பட்டது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அதே இடம். பட்டியல் சிங்களத்தில் இருந்தது. வாசிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தேன். பெயர் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, ஒன்பது பெயர் இருந்தது. இரண்டு காம்பராக்காரர் விண்ணப்பிக்கவே இல்லை, ஆட்கள் கொழும்பில். கடைசி வரியை வாசித்துவிட்டுத் தாளின் வெறுமையான அடிப்பகுதியிலும் கொஞ்ச நேரம் பார்த்தேன், அங்கே எங்கள் பெயர் இருக்கும் என்பதுபோல.

அம்மா கூடையை எடுத்து முதுகில் மாட்டினார். "படிவம் தமிழ்ல இருக்கு," என்றார் அப்பாவிடம். "புது வீட்டுச் செவரு எங்க?"

அப்பாவும் நானும் மறுபடி செயலகத்துக்குப் போனோம். அந்தப் பெண் மாற்றலாகிப் போயிருந்தாள். மேசையில் இருந்தவர் தேடி எடுத்துக் காட்டினார். படிவம் தொலையவில்லை. யாரும் கிழிக்கவில்லை, மறைக்கவில்லை. 'மொழிபெயர்ப்புக்கு' என்று எழுதிய ஒரு தட்டில், திகதி முத்திரையோடு, நான் கொடுத்தபடியே இருந்தது. மை மங்கவில்லை. பட்டியல் மூடியாயிற்று, அடுத்த ஒதுக்கீடு வந்தால் பார்க்கலாம் என்றார் அவர். அதை நான் அப்பாவிடம் தமிழில் சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அப்பா தலையாட்டினார்.

பழி சித்தப்பாவின் மேல் விழுந்தது. தம்பி பேச்சைக் கேட்டு வீட்டை விட்டான் என்று தோட்டம் முழுக்கப் பேசினார்கள். தலைவர், "நான் அன்னைக்கே சொன்னேன்," என்று பார்க்கிற இடத்தில் எல்லாம் சொன்னார். அம்மா சித்தப்பாவின் தொலைபேசி அழைப்புக்கு வருவதை நிறுத்தினார். அப்பா மட்டும் தம்பியை ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். அதைப் பாசம் என்று நினைத்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பா தூரத்தில் இருந்தார், பழி அவருக்குக் கேட்காது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அங்கே அவர் என் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகவும், வருகிறவர்களுக்கு எல்லாம் அந்தக் கதையைச் சொல்வதாகவும் பிறகு தெரியவந்தது. கதை முத்திரை குத்துவதோடு முடிந்துவிடுமாம்.

ஒன்பது குடும்பங்களும் அடுத்த வருடம் எதிர்மேட்டுக்குப் போயின. அவர்கள் போனதும் தோட்டத்து ஆட்கள் வந்து காலியான காம்பராக்களின் கூரைத் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். லயம் என்றால் ஒரே கூரை. பக்கத்துக் காம்பராவின் தகரம் போனால் நடுச்சுவர் வெளிச்சுவர் ஆகிவிடும். வெளிச்சுவராக இருக்க அது கட்டப்படவில்லை. மழை அதில் நேராக அடித்தது. முதலில் சுண்ணாம்பு உதிர்ந்தது, பிறகு பச்சை பிடித்தது. அம்மா படுப்பது அந்தச் சுவரோரம். இரண்டாவது மழைக்காலத்தில் அவருக்கு இழுப்பு வந்தது. மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போன செய்தி வந்த நாளில், பையைக் கட்டாமலேயே எங்களை வெளியே இழுத்துக்கொண்டு வந்து பிள்ளைக்காம்பராவில் உட்காரவைத்தார். அன்று மழைகூட இல்லை. எங்கள் மேடு இன்றுவரை இறங்கவில்லை. அடுத்த ஒதுக்கீடும் இன்றுவரை வரவில்லை.

எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது இழுப்பு அதிகமாகி அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலையில் டொக்டர் வார்டைச் சுற்றி வந்தார். சிங்களவர், இளைஞர், களைத்த முகம். கட்டிலருகே அவர் நின்றதும் நான் வழக்கம்போல ஓரடி முன்னால் வந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. நேராக அப்பாவிடம் கேட்டார், எத்தனை நாளாக இப்படி என்று.

அப்பா பதில் சொன்னார். சிங்களத்தில். தட்டுத்தடுமாறி அல்ல. கிராமத்து ஆட்கள் பேசுகிற, முனைகள் தேய்ந்த, சரளமான சிங்களம். மூச்சு எந்த நேரத்தில் இழுக்கும், எந்தப் பக்கம் படுத்தால் குறையும், சுவர் எப்படி நனைகிறது, எத்தனை வருடமாக நனைகிறது என்று சொன்னார். டொக்டர் ஏதோ கேட்டதற்கு ஒரு சின்னப் பகிடிகூடச் சொன்னார், டொக்டர் சிரித்தார். மேசை இல்லாததால்தானோ என்னவோ, துவாய் தோளிலேயே கிடந்தது.

டொக்டர் போன பிறகு கேட்டேன். "அப்பா, ஒங்களுக்கு எப்ப இருந்து சிங்களம் தெரியும்?"

"என்னா கேள்வி இது புள்ள? கீழ கிராமத்துல கெழங்கு தோண்டப் போனதுல இருந்து. நீ பொறக்குறதுக்கு முந்தியே." அவர் சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போனார். நடை மாறவில்லை. அந்தக் கேள்வியில் வேறொரு கேள்வியும் இருந்தது என்பது தெரிந்த மாதிரியும் காட்டிக்கொள்ளவில்லை.

அம்மா கண்ணை மூடியிருந்தார். ஒவ்வொரு மூச்சிலும் நெஞ்சுக்குள் ஒரு சின்ன விசில். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இலிகிதப் பெண் சொன்னதை மறுபடி மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அரசாங்கத்துச் சிங்களம் அல்ல அது. கதிரை காலியா இருக்கு. மாசக் கடைசியில மூடிருவாங்க. கையெழுத்து மட்டும் போதும். கிழங்கு தோண்டப் போகிற எவருக்கும் விளங்கும்.

அப்பா "என்னவாம்?" என்று கேட்டது விளங்காமல் அல்ல. நான் சொன்னதைக் கேட்டார், மேசை மேல் பாதி வந்து நின்ற தாளைப் பார்த்தார், "அப்ப சரி" என்றார். தம்பிக்காகவா, மகளை ஒரு வேற்று ஆளுக்கு முன்னால் பொய்க்காரி ஆக்கக் கூடாது என்றா, இல்லை, வாழ்க்கையில் ஒரு தடவை தன் வாயால் சொன்ன பதில்கள் உள்ள தாளை மட்டும் கொடுத்துவிட்டு வர அவருக்கும் ஆசை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை.

அந்த மேசைக்கு முன்னால் பொய் சொன்னவள் நான் ஒருத்திதான் என்று ஆறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.